ஹக்கா நூடுல்ஸும் இரண்டு கூடலூரும்

சாப்பாட்டின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அரண்மனை மடப்பள்ளியில் ஆரம்பித்து உடுப்பி ஓட்டலில் முடித்துவிடுகிறார்கள். என்ன சமைத்தார்கள், எந்த மசாலா எந்தக் கப்பலில் வந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், யார் எந்தப் பாத்திரத்தில் குடித்தார்கள், யார் வாசலுக்கு வெளியே நின்று வாங்கிப் போனார்கள் என்பது இருக்காது. நம் சனங்களுக்கோ அதுதான் சாப்பாட்டின் வரலாறு. ருசி அதற்கு அப்புறம் வருகிற விஷயம்.

இந்தக் கட்டுரை நூடுல்ஸ் பற்றியது. கூலியும் பஞ்சமி நிலமும் பேசவேண்டிய நேரத்தில் இது என்ன பேச்சு என்று தோழர்கள் நினைக்கலாம். பொறுத்துப் படியுங்கள். தேனி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று எந்த ஊர்க் கடைத்தெருவிலும் பொழுது சாய்ந்தால் இரும்புச் சட்டியில் கரண்டி தட்டுகிற சத்தம் கேட்கிறது. 'ஹக்கா நூடுல்ஸ், பிரைடு ரைஸ், கோபி மஞ்சூரியன், மோமோ' என்று போர்டு தொங்குகிறது. அந்தப் போர்டின் முதல் சொல்லிலேயே நமக்குச் சம்பந்தப்பட்ட கதை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால், அந்தப் போர்டுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார நாம் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறோம் என்பதைச் சொல்லவேண்டும்.

எங்க அப்பத்தாவுக்கு எண்பது வயசு தாண்டிவிட்டது. நடவு, களையெடுப்பு, பிறகு கம்பமெட்டு ஏறி ஏலத்தோட்டம் என்று உழைத்த உடம்பு. அது சொல்லும்: "காப்பிக் கிளப்புக்குள்ள போறதாவது? தாவாரத்துக்கு வெளியதேன் நிக்கணும். சாமி, ஒரு காப்பித்தண்ணின்னு கொரல் குடுக்கணும். செரட்டைய நம்மதேன் கொண்டுக்கிட்டுப் போகணும். ஒசக்க இருந்து ஊத்துவாக. கையில பட்டா சுடுதுன்னு சொல்லப்படாது." அப்பா காலத்தில் சிரட்டை போய்த் தனிக் கிளாஸ் வந்தது. 1970களில் அவர் பள்ளிக்கூடப் பையன். டீக்கடைக் கீற்றில் அந்தக் கிளாஸைச் சொருகி வைத்திருப்பார்கள். நாமே எடுத்து, குடித்து, நாமே கழுவிச் சொருகவேண்டும். பெஞ்சில் உட்காரக்கூடாது. "காசு மட்டும் ஒரே கல்லாவுல விழுந்துச்சுடா" என்பார் அப்பா.

இதெல்லாம் சட்டம் இல்லாத காலத்துக் கதை அல்ல. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு, கடை, பொது உணவு விடுதி, ஓட்டல் எதிலும் சாதியின் பேரால் ஒருவரைத் தடுக்கக் கூடாது என்கிறது. 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. 1955ஆம் வருசத்துத் தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் ஒருபடி இறங்கி வந்து, உணவு விடுதியில் பொதுவாக வைத்திருக்கும் பாத்திரங்களைப் புழங்கவிடாமல் தடுப்பதும் குற்றம் என்றது. குடியரசு ஒன்று உட்கார்ந்து தம்ளரைப் பற்றிச் சட்டம் எழுதவேண்டியிருந்தது என்றால் அந்தத் தம்ளரின் கனத்தை நாம் யோசித்துப் பார்க்கவேண்டும். அந்தச் சட்டத்துக்குப் பதினைந்து இருபது வருசம் கழித்துத்தான் அப்பா கீற்றிலிருந்து கிளாஸை உருவிக்கொண்டிருந்தார்.

தமிழ்நாட்டு அரசியலில் பந்தி பெரிய விஷயமாகத்தான் இருந்திருக்கிறது. சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு போட்டது 1920களில் காங்கிரசையே உலுக்கியது. 1957இல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில், பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற எழுத்தை எடுக்கச் சொல்லிப் பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறைக்குப் போனார்கள். கடைசியில் எழுத்து இறங்கியது. அதன் மதிப்பை நாம் குறைக்கவில்லை. ஆனால் கிராமத்து டீக்கடையில் பலகையே கிடையாது. பலகை இல்லாத இடத்தில் எதை இறக்குவது? அங்கே கடை வைத்திருந்தவரும் பார்ப்பனர் அல்ல. எழுதாத விதியை மீறப் போனவர்கள் அடி வாங்கினார்கள், வேலையை இழந்தார்கள். 1989 செப்டம்பரில் போடிப் பக்கம் வெடித்த சாதிக் கலவரத்தைப் பார்த்தவர்களுக்கு, இந்தப் பள்ளத்தாக்கில் தலைநிமிர்வதற்கு என்ன விலை கேட்பார்கள் என்பது தெரியும்.

இந்த இடத்தில் எங்கள் குடும்பம் தேனியில் ஒரு ராத்திரி சாப்பிட்ட கதையைச் சொல்கிறேன். என் தங்கச்சி நர்சிங் முடித்து வேலைக்குப் போய் முதல் சம்பளம் வாங்கியது. எல்லாரையும் சைனீஸ் ஓட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போவேன் என்று ஒரே பிடிவாதம். அப்பத்தா, அப்பா, அம்மா, சித்தி, அவள் பிள்ளைகள் இரண்டு பேர், நாங்கள் இரண்டு பேர், ஆக எட்டுப் பேர். உள்ளே நுழைந்ததும் அப்பத்தா யாரும் சொல்லாமலே கைகழுவுகிற இடத்துக்குப் பக்கத்து மூலையைப் பார்த்து நடந்தது. அதுதான் அதற்குத் தெரிந்த இடம். தங்கச்சி கையைப் பிடித்து நடு மேசைக்குக் கொண்டுவந்தாள். தண்ணீர் வைத்த பையனிடம் அப்பத்தா கேட்டது: "ஏய்யா, இந்தக் கிளாசு எல்லாத்துக்கும் ஒண்ணுதேனா?" அவன் டார்ஜிலிங் பக்கத்துப் பையன், நேபாளி பேசுகிறவன். கேள்வி புரியாமல் சிரித்துத் தலையாட்டினான்.

நூடுல்ஸ் வந்தது. "இடியாப்பத்த எண்ணெயில போட்டுப் பெரட்டிருக்கான்" என்றது அப்பத்தா. மோமோவைப் பிட்டுப் பார்த்துவிட்டு "கறி வச்ச கொழுக்கட்டை" என்று பெயர் வைத்து நான்கு தின்றது. பக்கத்து மேசையில் எங்கள் ஊரின் ஊர்த்தெருக்காரர் ஒருவர் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். "என்னப்பா, எல்லாரும் வந்திருக்கீகளா?" என்று அப்பாவிடம் கேட்டார். அதே தட்டு, அதே கிளாஸ், அதே கரண்டி. அப்பா "ஆமாங்கய்யா" என்றார், எழுந்திருக்கவில்லை. எங்கள் ஊரில் அதே மனிதரின் சொந்தக்காரர் டீக்கடையில் எங்கள் தெருக்காரர்களுக்குப் பேப்பர் கப்தான் தருகிறார்கள். இரட்டைக் குவளை வைத்தால் வழக்கு வரும், ஆகவே நமக்குக் குவளையே இல்லாமல் செய்துவிட்டார்கள். குடித்துவிட்டு எறி, கழுவுகிற பிரச்சினையும் இல்லை, வழக்குப் போட ஆதாரமும் இல்லை.

ஊரில் முடியாதது தேனியில் எப்படி முடிகிறது? பட்டணம் என்பது ஒரு காரணம். காசு இன்னொரு காரணம். மூன்றாவது காரணம் அந்தச் சாப்பாடே. பொங்கச் சோற்றுக்கும் கறிச் சோற்றுக்கும் இந்த மண்ணில் மாமூல் உண்டு. எந்தப் பந்தி முதலில், எந்த இலை கடைசியில், எந்தத் தெரு எங்கே உட்காரும் என்பதெல்லாம் எழுதாமலே எழுதப்பட்டது. நூடுல்ஸுக்கு இங்கே பாட்டன் முப்பாட்டன் கிடையாது. அதை யார் எந்த மூலையில் உட்கார்ந்து தின்பது என்று சொல்லிவைக்க ஆள் இல்லை. வெளியூர்ச் சாப்பாட்டின் முன்னால் எல்லாரும் புது ஆள்.

ஆனால் அந்தச் சாப்பாட்டுக்கும் சொந்தக் கதை உண்டு. ஹக்கா என்பது ஒரு மக்களின் பெயர். சீனாவின் வடபகுதியிலிருந்து தெற்கே நகர்ந்து வந்து, அங்கிருந்தவர்களால் வந்தேறி என்று நடத்தப்பட்டவர்கள். அந்தச் சொல்லுக்கே விருந்தாளிக் குடி என்றுதான் பொருள். தமிழில் 'விருந்து' என்றால் முதலில் புதுமை, புதிதாய் வந்தவர் என்று அர்த்தம். சாப்பாடு என்ற அர்த்தம் பிற்பாடு. எம்.ஏ. தமிழில் விருந்தோம்பல் பற்றிப் பக்கம் பக்கமாக எழுத வைத்தார்கள். சேரிக்காரன் எந்த வீட்டுத் திண்ணையில் விருந்தாளியாக உட்கார்ந்தான் என்று எந்தக் கேள்வித்தாளும் கேட்டதில்லை.

கல்கத்தாவுக்குச் சீனர்கள் வரத் தொடங்கியது வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில். கான்டன் பகுதியிலிருந்து வந்தவர்கள் தச்சு வேலைக்குப் போனார்கள். ஹூபேய்க்காரர்கள் பல் வைத்தியம் பார்த்தார்கள். ஹக்காக்கள் செருப்புத் தைத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கிழக்குக் கல்கத்தாவின் தாங்ராவில் தோல் பதனிட்டார்கள். ஏன் தோல்? சாதி இந்து தொடமாட்டேன் என்று ஒதுக்கி வைத்த தொழில் அது. போட்டிக்கு ஆள் குறைவு. நம் திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் சுண்ணாம்புத் தொட்டியில் யார் இறங்கி நின்றார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். தாங்ராவில் முதலாளி ஹக்கா, தொட்டியில் நின்ற தொழிலாளிகளில் நிறையப் பேர் பீகாரிலிருந்து வந்த சமார் சாதிக்காரர்கள். அங்கே சமத்துவம் நிலவியது என்று நான் கதைவிடப் போவதில்லை. கூலி கூலிதான், முதலாளி முதலாளிதான். ஆனாலும் ஊர் மூக்கைப் பொத்திக்கொண்ட நாற்றத்துக்குள் இரண்டு கூட்டமும் சேர்ந்து இருந்தன.

1962இல் சீனாவோடு யுத்தம் வந்தது. இங்கேயே பிறந்து வளர்ந்த சீனர்களைக்கூட எதிரி என்று சொல்லி, சுமார் 3,000 பேரை ரயிலேற்றி ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். வருசக்கணக்கில் கிடந்தவர்கள் உண்டு. திரும்பி வந்தபோது பலருக்கு வீடும் கடையும் இல்லை. பிறகு 1996 டிசம்பரில், மாசுபடுத்துகின்றன என்று கல்கத்தாத் தோல் தொழிற்சாலைகளை ஊருக்கு வெளியே பாந்தலாவுக்கு மாற்றச் சொல்லி உச்சநீதிமன்றம் உத்தரவு போட்டது. தாங்ராவில் தோல் காய்ந்த கட்டடங்கள் பல சாப்பாட்டுக் கடைகளாயின. தோலைத் தொட்ட கையின் பெயர்தான் 'ஹக்கா நூடுல்ஸ்' என்று இன்று உயர்தர சைவ உணவகத்தின் மெனு அட்டையில் இருக்கிறது. இதைச் சொல்லிவிட்டுப் பரிமாறினால் எத்தனை பேர் சாப்பிடுவார்கள்?

அந்தப் பெயர் எப்படி உள்ளே வந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். கல்கத்தாவில் பிறந்த சீனரான நெல்சன் வாங், 1975இல் பம்பாயில் பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாயோடு சோயா சாஸும் சோளமாவும் சேர்த்துக் கோழியைச் சமைத்து மஞ்சூரியன் என்று பெயர் வைத்ததாகச் சொல்வார்கள். கோழி இருந்த இடத்தில் பிறகு காலிபிளவர் வந்து உட்கார்ந்தது. கோபி மஞ்சூரியன் பிறந்தது. சைவ ஓட்டலுக்குள் சீனம் நுழைய வழி கிடைத்தது. சீனர்களின் சமையலில் முதல் இடம் பன்றிக்கு. மாடும் உண்டு. கல்கத்தாவின் சீனக் கடைகளில் இன்றைக்கும் பன்றிக்கறி கொழுக்கட்டை விற்கிறார்கள். தேனி வரைக்கும் வந்த சீனத்தில் பன்றியும் இல்லை, மாடும் இல்லை. நூடுல்ஸை உள்ளே விட்டார்கள், பன்றியையும் மாட்டையும் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

நம்மை உள்ளே விட்டதும் இதே மாதிரிதான். வா, உட்கார், காசு கொடு. உன் வீட்டுச் சட்டியை மட்டும் வெளியே வைத்துவிட்டு வா. மாட்டுக்கறி என்று சத்தமாகச் சொல்லாதே. நம்மிலேயே சிலர் "நாங்க மாட்ட விட்டுட்டோம், அவுகதேன் இன்னும் திங்கிறாக" என்று பக்கத்துச் சேரியைக் காட்டிப் பெருமை பேசுகிறோம். பன்றி தின்கிறவர்களை அதற்கும் கீழே வைக்கிறோம். இது ஓட்டல்காரன் சொல்லிக் கொடுத்த பாடம் அல்ல. பார்ப்பனியம் நம் அடுப்படி வரைக்கும் வந்து சொல்லிக் கொடுத்தது. சீனனின் சாப்பாட்டைச் சுத்தப்படுத்திய அதே கைதான் நம்மையும் சுத்தப்படுத்தப் பார்க்கிறது.

இனி இரண்டாவது கதை. கூடலூர் என்று சொன்னால் நம் பக்கத்தில் எல்லாருக்கும் கம்பத்துக்குத் தெற்கே, குமுளி போகிற வழியில் இருக்கிற கூடலூர்தான் ஞாபகம் வரும். திராட்சைத் தோட்டம், பெரியாறு தண்ணீர், விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிற பெண்கள். இன்னொரு கூடலூர் நீலகிரியில் இருக்கிறது. அங்கேயும் மலைத்தோட்டம், அங்கேயும் சமவெளியிலிருந்து கூலிக்கு ஏறிப்போன நம் சனம். அந்தக் கூடலூருக்கும் நடுவட்டத்துக்கும் நடுவில், மலைச்சரிவில், நூறு வருசத்துக்கு முன்னால் ஒரு குடியிருப்பு இருந்தது. அங்கே அப்பன் சீனன், ஆத்தா பறைச்சி.

சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களில் சிறையில் இடம் போதவில்லை என்று வெள்ளைக்காரன் சீனக் கைதிகளைச் சென்னை ராஜதானிக்கு அனுப்பினான். அவர்கள் நீலகிரிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1860களில் லவ்டேலில் லாரன்ஸ் பள்ளிக் கட்டடத்துக்கும் நடுவட்டத்துச் சின்கோனாத் தோட்டத்துக்கும் அவர்கள் கையால் வேலை நடந்தது. மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா எடுக்கும் மரம் சின்கோனா. இதே காலத்தில் இந்தியக் கைதிகள் சிங்கப்பூரில் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கத்துக் கைதி இங்கே, இங்கத்துக் கைதி அங்கே. தண்டனை முடிந்த சீனர்கள் சிலர் ஊர் திரும்பவில்லை. மலையிலேயே காய்கறி போட்டார்கள், கொஞ்சம் காபி வைத்தார்கள், மாடு வளர்த்துப் பால் விற்றார்கள். பறையர் பெண்களைக் கட்டிக்கொண்டார்கள்.

இது நமக்குத் தெரிந்தது சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் வழியாக. 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற புத்தகத்தில் 'சீன - தமிழ்க் கலப்பு' என்று தனித் தலைப்புப் போட்டு எழுதியிருக்கிறான். தலையின் நீள அகலம், மூக்கின் நீள அகலம் எல்லாம் அளந்திருக்கிறான். பிள்ளைகள் தகப்பனின் நிறம், தகப்பனின் கண் என்று குறித்திருக்கிறான். கிறிஸ்தவத்துக்கு மாறும்போது சடையை வெட்டவேண்டி வந்ததுதான் தகப்பனுக்கு இருந்த ஒரே மனக்குறை என்றும் எழுதியிருக்கிறான். ஆத்தாளைப் பற்றி? கறுத்த தமிழ்ப் பறைச்சி, அவ்வளவுதான். அவள் குறை என்ன என்று கேட்கவில்லை. அவள் பேர் இல்லை. எந்த ஊரிலிருந்து மலையேறினாள், அந்த வீட்டில் அடுப்பு மூட்டியது யார், கேப்பைக் களியா அரிசிச் சோறா, பன்றியா மாடா, ஒரே சட்டியில் தின்றார்களா என்று எதுவும் இல்லை. மூக்கை அளந்தவனுக்கு வாயிடம் கேட்கத் தோன்றவில்லை.

நமக்கு அந்த வீடு முக்கியம். தமிழ்நாட்டில் முதல் சீனச் சாப்பாட்டுக் கடை எது என்று யாராவது ஆராய்ச்சி செய்யட்டும். சீனனும் தமிழச்சியும் குடும்பமாக உட்கார்ந்து தின்ற வீடு நடுவட்டத்துச் சரிவில் இருந்தது, அதில் பரிமாறியவள் நம் வீட்டுப் பெண். அவன் தண்டனைக் கைதி, அவள் தீண்டத்தகாதவள். ஊர் இரண்டு பேரையும் வெளியே தள்ளியிருந்தது. வறுமையும் தனிமையும் சேர்த்து வைத்த உறவாகவும் இருக்கலாம். அதைக் காவியமாக்க வேண்டியதில்லை.

1936இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' உரையில் அம்பேத்கர் சமபந்தி பற்றிப் பேசுகிறார். சேர்ந்து சாப்பிடுவதை அனுமதிக்கிற சாதிகள் பல உண்டு, ஆனாலும் அவர்களிடம் சாதி உணர்வு சாகவில்லை என்கிறார். கலப்பு மணம்தான் உண்மையான மருந்து, அதையும் தடுத்து நிற்கிற சாத்திர நம்பிக்கையைத் தகர்க்கவேண்டும் என்கிறார். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், 1917இல் செராயில் புலையர்களோடு சமபந்தி உண்டதற்காக சகோதரன் அய்யப்பனைப் புலையன் அய்யப்பன் என்று சொந்தச் சாதியே ஏசியது. அவருக்கு அந்தப் பேர் பெருமைதான். ஆனால் நூறு வருசம் கழித்தும் தேனியில் ஒரே ஓட்டலில் பக்கத்துப் பக்கத்து மேசையில் நூடுல்ஸ் தின்கிற இரண்டு குடும்பத்துப் பிள்ளைகள் காதலித்தால் என்ன நடக்கும்? ஓட்டல் மேசை அடுத்த மேசை வரைக்கும்தான் நம்மைக் கொண்டுபோகிறது. அதற்கு மேல் போக அந்த மேசைக்குத் தெம்பு கிடையாது.

அதனால் மேசை வேண்டாம் என்று அர்த்தமில்லை. சிரட்டையிலிருந்து அந்த நாற்காலி வரைக்கும் வந்தது யாரும் கொடுத்த பிச்சை அல்ல. அடி வாங்கி, வழக்குப் போட்டு, ஊரைவிட்டுப் போய், படித்து, மலையேறி உழைத்து வாங்கினது. அதைக் கொண்டாடலாம், கறி வச்ச கொழுக்கட்டையோடு கொண்டாடலாம். கொண்டாடும்போது எது வாசலில் நிறுத்தப்பட்டிருக்கிறது என்றும் பார்க்கவேண்டும். நம் சாப்பாடு நிறுத்தப்பட்டிருக்கிறது, நம் பிள்ளைகளின் கல்யாணம் நிறுத்தப்பட்டிருக்கிறது, ஊர் டீக்கடைப் பெஞ்சு நிறுத்தப்பட்டிருக்கிறது.

மாணவத் தோழர்களுக்கும் எழுதுகிற தோழர்களுக்கும் ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் வீட்டுக் கிழவிகளிடம் போய் உட்காருங்கள். முதல்முதலாக எந்தக் கடையில், எந்த வருசத்தில், எதில் குடித்தீர்கள் என்று கேளுங்கள். யார் ஊற்றினார்கள், எங்கே நின்றீர்கள், எப்போது உட்கார்ந்தீர்கள், முதலில் உட்கார்ந்த ஆள் யார், அவருக்கு அப்புறம் என்ன ஆச்சு என்று கேளுங்கள். அவர்கள் சொல்கிற பேச்சிலேயே எழுதிக் கொண்டுவாருங்கள். நீலகிரிப் பக்கம் இருக்கிறவர்கள் நடுவட்டத்துக்கும் போய் விசாரியுங்கள். கேட்க வேண்டியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இன்னும் பத்து வருசம் போனால் சிரட்டையைக் கையில் பிடித்தவர்கள் யாரும் இருக்கமாட்டார்கள். பேப்பர் கப் மட்டும் இருக்கும்.